கலர் கூடுது

என் தொழிலில் கறுப்பு என்று ஒரு சொல் கிடையாது. கோவில்பட்டியில் இத்தனை வருஷமாகக் கல்யாணத் தரகு பார்க்கிறேன், ஒரு பெண்ணையும் கறுப்பு என்று சொன்னதில்லை. ‘மாநிறம்’ என்பேன். அதற்கும் கீழே இறங்கவேண்டி வந்தால் ‘களையான முகம்’ என்பேன். அதற்கும் வழியில்லை என்றால் ‘பிள்ளை குணம் தங்கம்’ என்று சொல்லிவிட்டு, கேட்கிறவர்களுக்குப் புரிகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். சிவப்பான பெண்ணுக்கு இந்தச் சுற்றெல்லாம் தேவையில்லை. ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் முடிந்தது. எந்தக் கலர் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நம் ஊரில் கலர் ஒன்றுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் இந்த ஒரு சொல்லால் நடந்தது. அந்தக் கலர் கூடியதா குறைந்ததா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த வருஷங்களில் கோடை மாசியிலேயே ஆரம்பித்துவிடும். தீப்பெட்டி ஆபீஸுக்கு நடந்து போகிற பெண்கள் வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். தோலில் புண் வந்தது, கண் மங்கியது. அப்போதுதான் பெங்களூர் கம்பெனி ஒன்று வெயில் பட்டையைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். தோலில் விழுகிற வெயிலை அது அளக்கும். ஒரு மாதத்தில் எவ்வளவு விழுந்தது என்று கூட்டி, நூற்றுக்கு இவ்வளவு என்று எண் காட்டும். வாய்விட்டுப் பேசவும் செய்யும். எண் ஏறினால் ஆபத்து, நிழலுக்கு ஓடு என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். டப்பாவுக்குள் ஒரு காகிதத்தில் அதை எழுதியும் இருந்தார்களாம். டப்பாவில் வருகிற காகிதத்தை யார் படித்தார்கள்?

வந்த புதிதில் “புற ஊதாக் கதிர் அதிகம்” என்றது. எவளும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு “தோல் பாதிக்கும்” என்றது. பிறகு “வெயில் அதிகம், நிழலுக்கு வாங்க” என்றது. கோவில்பட்டியில் வெயில் அதிகம் என்று சொல்ல ஒரு மெஷின் வேண்டுமா? இப்படியே கத்திக்கொண்டிருந்த பட்டை, ஒருநாள் ஊர் முழுக்க ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டது.

“கலர் கூடுது.”

நான் அப்போது சந்தைக்குள் இருந்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். முப்பத்திரண்டு. என்னை அறியாமல் ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைப்பானேன்.

வெயிலில் நின்றால் எண் ஏறியது. எண் ஏறினால் கலர் கூடுகிறது என்றது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வெள்ளைத் துணி வெயிலில் காய்ந்தால்தானே வெளுக்கிறது என்றார்கள். நிற்கிறவர்கள் கறுத்துப்போவது கண்ணுக்குத் தெரியத்தான் செய்தது. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். முதலில் மேல்தோல் கறுத்து உரியும், அப்புறம் உள்தோல் சிவப்பாக வரும், பட்டை சொல்லுதுல்லா என்றார்கள். பியூட்டி பார்லர்க்காரி மொட்டைமாடியில் பாய் விரித்து, நிற்க ஒரு ரேட், படுக்க ஒரு ரேட் வைத்தாள்.

என் தொழிலும் மாறிப்போனது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். பட்டை வந்தபிறகு அந்த ஆயிரமும் எனக்கு மிச்சம். ஜாதகத்துக்கு முன்னால் எண்ணைக் கேட்டார்கள். பெண் வீட்டார் சம்மதித்தால் அந்த எண் என் போனிலேயே தெரியும்படி ஏற்பாடும் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில்தான் உலகம்மாளின் எண் எட்டு.

உலகு என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தேழு வயது. வீட்டுக்குள் இருந்தபடியே கம்ப்யூட்டரில் எங்கேயோ இருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். வெளியே போகமாட்டாள், போகக்கூடாது. அவளுக்கு வெயில் ஆகாத வியாதி. லூபஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். உச்சி வெயில் பட்டால் முகம் தடித்து, மூட்டெல்லாம் வீங்கி, சிறுநீரகம் வரைக்கும் போய்விடும். வெயிலே படாமல் வளர்ந்ததால் ஊரிலேயே அவள்தான் கலர். என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவள் அம்மா ஆவுடையம்மாள் என் வயசுக்காரி. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். புருஷன் இல்லை. அவள் சரியான கறுப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், வியாதியைச் சொன்னதும் எழுந்து போய்விடுவார்கள். கடைசியாக ஒரு வரன் நின்றது. கயத்தாறு ஆறுமுகநயினார். காற்றாலைக் கம்பெனியில் வேலை. வியாதியைக் கேட்டபிறகும், “மருந்து சாப்பிட்டா சரியா இருப்பாங்கள்லா, அப்புறமென்ன” என்றான். அவனை வளர்த்தது அவன் அத்தை பகவதியக்கா. அவளும் சரி என்றுதான் பெண் பார்க்க வந்தாள்.

காபி குடித்து முடித்ததும் பகவதியக்கா, “கையைக் காட்டு தாயி” என்றாள். உலகு காட்டினாள். பகவதியக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“எட்டா?”

“எட்டுதாம்” என்றாள் உலகு.

“பார்த்தா நல்ல கலராத் தெரியுதே. எட்டுங்குதே இது.” என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “என்ன வடிவு, பவுடரா?” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து உலகுவின் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டாள். முந்தானையில் ஒன்றும் ஒட்டவில்லை. அதற்காக அவளுக்குத் திருப்தி வந்துவிடவும் இல்லை.

“எனக்குப் புடிச்சிருக்கு அத்தை” என்றான் நயினார். சொல்லிவிட்டு அவனும் பட்டையைப் பார்த்தான். “ஆனா கண்ணுக்கு ஒண்ணு தெரியுது, நம்பர் ஒண்ணு சொல்லுது. என்னன்னே புரியல.”

“கண்ணு ஏமாத்தும்ல. நாளைக்குக் கல்யாணத்துக்கு வாரவ எல்லாம் பொண்ணு மூஞ்சியவா பாப்பா? கையப் புடிச்சுல்லா பாப்பா.” பகவதியக்கா ஆவுடை பக்கம் திரும்பினாள். “வியாதி வெக்கை மனுசருக்கு வாரதுதாம். அதை நாங்க ஒண்ணும் சொல்லல. சித்திரை பொறக்கதுக்குள்ள எழுபது வந்துட்டா பூ வைக்க வாரோம்.”

வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன். உலகு அடுப்படியில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எழுபதுன்னா நான் செத்துருவேன் அத்தை” என்றாள் சாதாரணமாக.

“ஏட்டி, என்ன பேச்சு இது.”

“இது வெயில் வாங்குன கணக்கு. எனக்குப் பத்தைத் தாண்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஊர்ல எல்லாரும் தலைகீழாப் புரிஞ்சிக்கிட்டுத் திரியுதாங்க.”

“கலர் கூடுதுங்குதே?”

“தோலோட கலர் மாறுதுன்னு சொல்ல வருது. கறுக்குதுன்னு.”

“கறுக்குதுன்னா கலர் குறையுதுன்னுல்லா சொல்லணும்?”

“அது நமக்கு. மெஷினுக்குக் கறுப்பும் ஒரு கலர்தான.”

எனக்குத் தலை சுற்றியது. கறுப்பும் ஒரு கலர் என்பதை முதன்முறையாக அன்றைக்குத்தான் கேட்கிறேன். என் கையில் அப்போது ஐம்பத்தொன்று. அடுப்படிக் கண்ணாடியில் போய் என் முகத்தைப் பார்த்தேன். கறுத்துத்தான் இருந்தேன். ஆனால் ஐம்பத்தொன்று என்று தெரிந்தபிறகு அந்தக் கறுப்பு அவ்வளவாகக் கண்ணில் படாமல் இருந்தது.

ஆவுடை நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். எல்லாம் முடிந்தபிறகு, “வியாதியச் சொன்ன பெறகும் எந்திரிச்சுப் போகாம இருந்தவுக இவுக மட்டுந்தாம் மதினி. இவுகளும் போயிட்டா அடுத்து ஆரு வருவா?” என்றாள்.

நான் ஊருக்குள் ஒன்றிரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். “ஒனக்கு ஐம்பத்தொண்ணு ஏறிட்டு. மத்தவ ஏறக்கூடாதாக்கும்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அதோடு விட்டுவிட்டேன்.

பங்குனி பிறந்தது. ஒருநாள் போனைப் பார்த்தால் உலகுவின் எண் பதினைந்து. எனக்குத் திக்கென்றது. இரண்டு நாள் கழித்து இருபத்திரண்டு. அப்புறம் முப்பத்தைந்து. போன் போட்டேன். ஆவுடைதான் எடுத்தாள்.

“உலகு எங்கே? என்ன பண்ணுதா அவ?”

“பாடம் எடுத்துட்டு இருக்கா. நல்லாத்தாம் இருக்கா மதினி. நீங்க பகவதியக்காட்ட மட்டும் ஒரு வார்த்தை போட்டு வைங்க, ஏறிட்டு இருக்குன்னு.”

நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். என்னால் முடியவில்லை. போனால் நிறுத்து என்று சொல்ல வேண்டிவரும், நிறுத்தினால் கல்யாணம் நின்றுபோகும். எண் ஏற ஏற எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷிக்கு எப்படி வரும் என்று தெரியவில்லை, வந்தது. ஐம்பதைத் தாண்டியபோதுதான் பயம் மிஞ்சியது. பட்டையின் பின்புறம் இருந்த நம்பருக்கு அடித்தேன்.

எடுத்தவன் பெயர் ரோஹன். வடக்கத்திப் பையன், வேலைக்காகத் தமிழ் படித்தவன் போலிருக்கிறது. மரியாதையாகப் பேசினான்.

“தம்பி, உங்க பட்டை தப்பாப் பேசுது. கலர் கூடுதுன்னு சொல்லுது. பொம்பளைங்க எல்லாம் வெயில்ல போய் நிக்காங்க.”

“மேடம், அந்த வாக்கியம் நாங்கள் எழுதியது இல்லை. பட்டையே கற்றுக்கொண்டது. எந்த வார்த்தையைச் சொன்னால் கட்டியிருப்பவரின் நாடி வேகமாகத் துடிக்கிறது என்று பார்க்கும். நாடி துடித்தால் கவனிக்கிறார் என்று அர்த்தம். எவ்வளவோ வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தது. உங்கள் பக்கத்தில் ‘கலர்’ என்ற வார்த்தைக்கு மட்டும்தான் எல்லோருக்கும் நாடி துடித்தது.”

“துடிக்கும். ஏன் துடிக்குதுன்னு அதுக்குத் தெரியுமா?”

“அதைப் பட்டையால் அளக்க முடியாது மேடம்.”

“கலர்னா சிவப்பு தம்பி.”

“சிவப்பு என்றால், வெயிலில் தோல் சிவந்துபோவதா? அப்படியென்றால் சரியாகத்தானே சொல்கிறது?”

“ஐயோ, அந்தச் சிவப்பு இல்ல. சிவப்புன்னா வெள்ளை.”

“மேடம், எனக்குக் குழப்பமாக இருக்கிறது.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினேன். கலர் என்றால் என்ன, எங்கள் ஊரில் அது கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எட்டு என்று ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு வெயில் பட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் சொன்னேன். கடைசியில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அந்த வார்த்தையை எடுத்துருங்க தம்பி” என்றேன்.

“வார்த்தையை எடுத்தால் யாரும் பட்டையைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் மேடம். எண்ணைத் திருப்பிவிடுகிறோம். இனி நிழலில் இருந்தால் கூடும், வெயிலில் நின்றால் குறையும். வெயிலில் நிற்பவரிடம் ‘கலர் குறையுது’ என்று சொல்லும். அப்போது எல்லோரும் தானாக நிழலுக்கு வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் போனில் ஓர் அறிவிப்பும் அனுப்புகிறோம். நீங்கள் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. உலகுவின் எட்டு நேராகத் தொண்ணூற்றிரண்டு ஆகியிருக்குமே, வீணாக வெயிலில் நின்றுவிட்டாளே என்ற வருத்தம் மட்டும்தான். இனியாவது நிற்கமாட்டாள். போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மாற்றட்டும், மாறினபிறகு நல்ல செய்தியாகச் சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

அது மாறியது ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளையில். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். காலையில் உலகுவின் எண் அறுபத்தாறு என்று பார்த்திருந்தேன். இப்போது போனைத் திறந்தால் முப்பத்துநான்கு. திருப்பிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். அறிவிப்பு ஒன்றும் வந்து கிடந்தது, பாதிவரை படித்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே மறுபடி பார்த்தேன். முப்பத்துமூன்று. நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு.

குறைகிறதென்றால் இந்த நேரத்தில், இந்த வெயிலில், நின்றுகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். கை கழுவக்கூட இல்லை. ஆட்டோவைப் பிடித்து ஏறினேன்.

வழியெல்லாம் பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் மணிக்கட்டைப் பார்த்தபடி வந்தார்கள். எழுபதாக இருந்தது முப்பதாகிவிட்டதே என்று, விட்டதைப் பிடிக்க வெயிலுக்கு ஓடி வந்தார்கள். “கலர் குறையுது, கலர் குறையுது” என்று பட்டைகள் தெரு நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள், நான் பிடித்த குரங்கு ஊர் முழுக்க நின்றது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒருத்தியிடம், “உள்ளே போம்மா, இப்ப திருப்பிப் போட்டுட்டாங்க, நிழல்ல நின்னாத்தான் கூடும்” என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

உலகு வீட்டுக் கதவைத் தட்டினேன். உலகுதான் திறந்தாள். முகத்தில் ஒரு தடிப்பு இல்லை. ஜன்னல் சாத்திய அறைக்குள்ளிருந்து வந்தவள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

“நீ உள்ளயா இருக்க?” என்றேன். “பட்டை எங்கட்டி?”

அவள் வெறும் கையைத் தடவிக்கொண்டாள். “அவுக வந்துட்டுப் போன அன்னைக்கே கழட்டி அடுப்படி ஜன்னல்ல வச்சிட்டேன் அத்தை. ஏன்?”

“ஒங்கம்மா வேலைக்குப் போயிட்டாளா?”

“இப்பல்லாம் மத்தியானம் வந்துருதா. மாடியில வத்தல் காயப் போட்டிருக்கேன், காக்கா வருதுன்னு சொல்லிட்டு மேல போய் உக்காந்துக்கிடுதா.”

அந்தப் பட்டைக்கு ஆள் யார் என்று தெரியாது. அது வெயிலைத்தான் பார்க்கும். நான் மாடிப்படி ஏறினேன். உலகுவும் பின்னால் வந்தாள், வராதே என்று கத்தியும் கேட்கவில்லை. மாடியில் வத்தல் எதுவும் இல்லை. ஆவுடை தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் விழுந்து கிடந்தாள். தொட்டியின் நிழல் அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. தலையில் போட்டுக்கொண்டு வந்த துண்டை மடித்துச் சுவர்மேல் வைத்திருந்தாள். உலகுவின் பட்டையைக் கட்டிய கை வெயிலைப் பார்த்து நீட்டியிருந்தது. “கலர் குறையுது” என்றது பட்டை.

உலகு அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த வெயிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் என் முந்தானையை விரித்து இருவருக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆள் வரும்வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் குளிர்ந்த தண்ணீர் ஏற்றினார்கள், பனிக்கட்டி வைத்தார்கள். ரத்தத்தில் சூடு ஏறிவிட்டது, சொல்லமுடியாது என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் கண்ணைத் திறந்தாள். முகம் வெந்துபோயிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“மதினி, கூடுது கூடுதுன்னுதாம் சொல்லிட்டு இருந்துச்சு. அறுவத்தாறு வரைக்கும் வந்துட்டு. திடீர்னு முப்பத்திநாலுங்கு. நான் நகரக்கூட இல்ல, நின்ன எடத்துலதாம் நின்னேன். பெறகு குறையுது குறையுதுங்கு. வெயில் பத்தலையோன்னு துண்டையும் எடுத்துட்டு நின்னேன். அப்பவும் குறையுதுங்கு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “நான் எதுல தப்புப் பண்ணிட்டேன் மதினி?”

திருப்பிப் போட வைத்தது நான்தான் என்று சொன்னாலும் அவளுக்கு விளங்காது. எனக்கே விளங்கவில்லை. நல்லது செய்யத்தான் போன் பண்ணினேன். ரோஹனும் நல்லது செய்யத்தான் திருப்பினான்.

உலகு அம்மாவின் காதருகே குனிந்தாள். “நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. எழுபது வந்துட்டு.”

“நெசமாவா?” ஆவுடை உலகுவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

“வந்துட்டு மதினி” என்றேன்.

“அப்பம் அவுகளை வரச் சொல்லுங்க.”

வரச் சொன்னேன். வந்தார்கள், பதினாறாம் நாள் விசேஷத்துக்கு.

நயினார் வந்தவர்களுக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றினான். பகவதியக்கா நிஜமாகவே அழுதாள். உலகுவைக் கட்டிப்பிடித்து, “ஒங்கம்மா இல்லைன்னு நெனைக்காத தாயி, நான் இருக்கேன்” என்றாள். உலகுவின் கையில் பட்டை இல்லை. பகவதியக்கா அதைக் கேட்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பாவம் வடிவு, அழுது அழுது பிள்ளை கலர் குறைஞ்சிட்டு பாரு” என்றாள்.

நான் உலகுவைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.